தந்தையின் துயரும் தாயின் ஓய்வும்

1891இல் மத்திய இந்தியாவின் மௌ நகரிற் பிறந்த அம்பேத்கரை மாணாக்கர் அரசியற்சட்ட மேதையாகவே அறிவர். யான் அவரை மக்களை இழந்த தந்தையாகவும் காண்கின்றேன். ஐந்து மக்களுள் நால்வர் இளமையிலேயே மாண்டனர். இளைய மைந்தன் இராஜரத்தினன் மறைந்தது 1926இல்.

இரண்டாண்டு கழித்துப் பம்பாய்ச் சட்டசபையில், ஆலைத்தொழில் புரியும் தாய்மாருக்கான மகப்பேற்று உதவி மசோதாவை அவர் ஆதரித்தார். பேற்றின் முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுதல் நாட்டுக்கே நலம். ஆதலின் செலவிற் பெரும்பகுதி அரசைச் சாரும். உழைப்பின் பயன் கொள்ளும் முதலாளியும் பங்கேற்றல் முறை என வாதித்தார். 1929இல் அது சட்டமாயிற்று. 1956இல் அவர் மறைந்தார்.

இலங்கைச் சட்டம் 1939இல் எழுந்தது. ஆயினும், எம் சல்லிக் கரையில் தானே கருவாடு உலர்த்தி விற்கும் தாய்க்கு முதலாளி இல்லை; ஊதிய விடுமுறையும் இல்லை. அவள் மடியிலுள்ள மழலைக்கு அரசே பொறுப்பு என்பதன்றோ அப்பெரியார் வாதத்தின் பொருள்?