ஆப்பிளுக்கு முன்னாடியே நிழல்... வீட்டுச் சுவரைக் கடிகாரமாக்கிய சிறுவன் நியூட்டன்!

நியூட்டன்னு சொன்னதும் நமக்கு ஆப்பிள்தான் ஞாபகம் வரும். ஆனா அதுக்குப் பல வருஷம் முன்னாடியே அவர் பார்த்துட்டு இருந்தது நிழலை.

இங்கிலாந்தின் வூல்ஸ்தோர்ப் கிராமத்தில், அந்நாட்டின் அன்றைய காலண்டர்படி 1642 டிசம்பர் 25-ல் பிறந்தார் ஐசக் நியூட்டன். அப்பா அதற்கு 3 மாதம் முன்பே இறந்துவிட்டார். 3 வயதில் அம்மா ஹன்னாவும் மறுமணம் செய்து வேறு ஊருக்குப் போக, பாட்டியிடம் வளர்ந்தார். அம்மா திரும்பி வந்தப்போ பையனுக்கு 10 வயசு.

9 வயதில் அவர் செதுக்கியதாகச் சொல்லப்படும் சூரியக் கடிகாரம் ஒன்று, பக்கத்து ஊரான கோல்ஸ்டர்வொர்த் தேவாலயத்துக்குள் இருக்கு. வெயிலுக்குச் செய்ததை வீட்டுக்குள்ள வெச்ச மாதிரிதான்!

12 வயதில் கிரான்தம் நகரப் பள்ளி. தங்கியது ஒரு மருந்து வியாபாரி வீட்டில். அந்தச் சுவர்களில் முளைக்குச்சிகளை அடித்து, நிழல் விழும் இடத்தில் மணியையும் அரை மணியையும் குறித்தார். அக்கம்பக்கத்தினர் அதைப் பார்த்தே மணி தெரிஞ்சுக்கிட்டாங்களாம். 'ஐசக் கடிகாரம்'னு பேரே வெச்சிருக்காங்க.

குச்சியை நட்டு கோடு போட்டா போதாதா? போதாது. நேராக நட்ட குச்சியின் நிழல், ஒரே மணிக்குக் கோடையில் ஒரு பக்கம், குளிர்காலத்தில் வேறு பக்கம் விழும். குச்சியைப் பூமியின் அச்சுக்கு இணையாக, வடக்கு நோக்கிச் சாய்க்கணும். தரையிலிருந்து அந்தச் சாய்வு, ஊரின் அட்சரேகை அளவு. வூல்ஸ்தோர்ப்பில் சுமார் 53 டிகிரி. நீங்க சென்னை மொட்டை மாடியில் செய்தா 13 டிகிரி. சிறுவன் நியூட்டன் இந்த நிழல் மாற்றத்தை வருஷக்கணக்கில் கவனித்தார்.

இதெல்லாம் அங்கேயே முடிஞ்சிருக்கும். விவசாயம் பார்க்கச் சொல்லி அம்மா படிப்பை நிறுத்திட்டாங்க. மேய்க்கப் போனவர் புத்தகத்தில் மூழ்க, ஆடுகள் அடுத்தவர் நிலத்தில் நுழைந்தன. 1659-ல் அபராதமே கட்ட வேண்டியதாச்சு. தாய்மாமாவும் தலைமை ஆசிரியரும் பேசிப் பேசித்தான் அம்மா சம்மதிச்சாங்க. 1661-ல் கேம்பிரிட்ஜ். மீதி உலகத்துக்கே தெரியும்.

வயசான பிறகும், தினமும் புழங்கும் அறைகளில் நிழல் எங்கே விழுதுன்னு பார்த்துத்தான் மணி சொல்வாராம் நியூட்டன்.