யாவர்க்கும் ஆசான்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1815ஆம் ஆண்டு தோன்றினார். இளமையில் தண்டியலங்காரம் கற்க விழைந்தார். அந்நூலை அறிந்த பரதேசி ஒருவர் தெருத்தோறும் பிச்சைக்குச் செல்ல, அவரைப் பின்தொடர்ந்து நடந்தே பாடங்கேட்டார். அங்ஙனம் அரிதிற் பெற்ற கல்வியைப் பிறர்க்கு அவர் அரிதாக்கவில்லை. பொருள் பெறாது பாடஞ் சொன்னார். வறிய மாணவர்க்கு உணவும் அளித்தார். அவர் கையிலோ பெரும்பாலும் கடனே இருந்தது.

தியாகராச செட்டியார், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை, இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலர் முதலியோர் அவர்பாற் பயின்றனர். அக்கால வழக்கப்படி உண்ணும் இடம் சிலர்க்கு வேறாயிற்று, பாடம் வேறாகவில்லை.

1871ஆம் ஆண்டு 16 வயதினராகிய உ. வே. சாமிநாதையர் மாயூரத்தில் வந்து சேர்ந்தார். அவ்வந்தண இளைஞர்க்கு நைடதம் கற்பிக்கும் பணியைப் பிள்ளையவர்கள் சவேரிநாத பிள்ளையிடம் ஒப்புவித்தார். இன்று நினைப்பினும் இது வியப்பன்றோ! ஆயினும், ஆசிரியர் வாய்மொழியாகவே கேட்டல் வேண்டும் என்னும் ஏக்கம் சாமிநாதையர்க்கு நீங்கவில்லை. பிள்ளையவர்கள் நாள்தோறும் விடியலில் தோட்டத்து மரங்களிற் புதுத்தளிர் தேடி மகிழ்வதை அவர் கண்டார். மறுநாள் முன்னரே சென்று தளிர்களைத் தேடிவைத்து ஆசிரியர்க்குக் காட்டினார். தளிரைப் பற்றிய பேச்சு நாளடைவிற் பாடமாக வளர்ந்தது.

1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் இறுதி எய்தினார். அப்பொழுது அவரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர்.