வங்கி வேலை... கைநிறைய லட்டு பாட்டு! தமிழ்க் குழந்தைகளைச் சிரிக்க வைத்தே படிக்க வைத்த புதுக்கோட்டைக்காரர் - யார் இந்த அழ.வள்ளியப்பா?

தட்டு, லட்டு, கிட்டு, பட்டு... இந்த நாலு வார்த்தையைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு பாட்டு ஓடுதா? அப்படின்னா நீங்களும் அழ.வள்ளியப்பாவின் வாசகர்தான். பாட்டு ஞாபகம் இருக்கும், எழுதியவர் பெயர் பலருக்கும் ஞாபகம் இருக்காது. 'குழந்தைக் கவிஞர்' என்று கொண்டாடப்பட்ட அவரின் கதை இது.

ராயவரத்துப் பையன்

புதுக்கோட்டை மாவட்டம் ராயவரத்தில் 1922 நவம்பர் 7-ம் தேதி பிறந்தவர் வள்ளியப்பா. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். பக்கத்து ஊரான கடியாபட்டியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு. வழியில் பார்த்த சினிமா கொட்டகை விளம்பரத்தையே பாட்டாக்கி, கூட வந்த பசங்களைப் பாட வைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

1940-ல் சென்னைக்கு வந்தார். அதே ராயவரத்தைச் சேர்ந்த வை.கோவிந்தன் நடத்திய 'சக்தி' இதழ் அலுவலகத்தில் வேலை. பார்த்தது என்னவோ காசாளர் வேலைதான். ஆனால், அங்கே ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தி.ஜ.ர., இந்தப் பையனுக்குள் இருந்த எழுத்தைக் கண்டுபிடித்து எழுதத் தூண்டினார். அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. பகலில் வங்கிக் கணக்கு, மிச்ச நேரமெல்லாம் குழந்தைகளுக்கு எழுத்து. சுமார் 40 வருஷம் இப்படியே ஓடியது.

அப்படி என்ன புதுசா செய்தார்?

அவருக்கு முன்பு குழந்தைகளுக்குப் பாட்டே இல்லையா? இருந்தது. ஆத்திசூடி இருந்தது, பாரதியாரின் பாப்பா பாட்டு இருந்தது, கவிமணியின் பாடல்கள் இருந்தன. ஆனாலும் குழந்தைகளுக்கான எழுத்து என்றாலே, இதைச் செய், அதைச் செய்யாதே என்ற அறிவுரைதான் முன்னால் வந்து நிற்கும். வள்ளியப்பா அந்த வரிசையை மாற்றினார். முதலில் சிரிப்பு, பாடம் அதுக்குப் பின்னாடி ஒளிந்து வரும்.

லட்டு பாட்டையே எடுத்துக்கலாம். தட்டில் 8 லட்டு. அண்ணன் பாதியைச் சாப்பிடுகிறான், தங்கை மீதியை முடிக்கிறாள். கடைசியில் மிஞ்சுவது காலித் தட்டு. அவ்ளோதான் கதை. ஆனால், அதுக்குள்ளேயே பாதி, மீதி, மொத்தம் என்று கணக்கு வந்துவிடுகிறது. வரிக்கு வரி 'ட்டு' என்று முடிவதால் நாக்குக்கும் பயிற்சி. பாடம் படித்தோம் என்றே குழந்தைக்குத் தெரியாது.

பூனை பாட்டு இன்னொரு ரகம். பால் திருட வந்த பூனையை விரட்டாமல், 'ஆர்' விகுதி போட்டுப் பெரிய மனுஷரைப் போல மரியாதையாகக் கூப்பிட்டு விசாரிப்பார். பால் கொதிக்கிறது, நாக்கு சுட்டுவிடும் என்று எச்சரிக்கையும் உண்டு. திருட வந்தவருக்கே இவ்வளவு மரியாதையா என்பதுதான் அதில் உள்ள காமெடி. சூடான பொருளில் கவனம் தேவை என்பது சொல்லாமலே புரிந்துவிடும்.

23 பாட்டில் தொடங்கிய பயணம்

1944-ல் 23 பாடல்களோடு முதல் தொகுப்பு 'மலரும் உள்ளம்' வந்தது. பிறகு வந்த 'சிரிக்கும் பூக்கள்' தொகுப்பின் பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது. ஈசாப் கதைகள், காந்தி கதை எனப் பெரிய விஷயங்களையும் பாட்டாக்கிக் கொடுத்தார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவரது 'நம் நதிகள்' பல இந்திய மொழிகளுக்குப் போனது.

பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை எனச் சிறுவர் இதழ்களையும் கவனித்துக்கொண்டார். வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு 'கோகுலம்' ஆசிரியர். சிறுவர் இதழ்களில் கொடிகட்டிப் பறந்த இன்னொருவரான வாண்டுமாமாவும் இதே மாவட்டத்து அரிமளம்காரர்தான்!

தனி ஆளாக இல்லை

குழந்தைகளுக்கு எழுதுவது என்றால் சின்ன வேலை என்ற நினைப்பு அன்றைக்கும் இருந்தது. பெரியவர்களுக்கு எழுதுபவர்தான் எழுத்தாளர் என்ற பார்வை. இதை மாற்ற 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். புதியவர்களை எழுத வைப்பதும் மேடை ஏற்றுவதும் தன் பாட்டைப் போலவே முக்கியம் என்று நினைத்தார்.

1989 மார்ச் 16-ம் தேதி வள்ளியப்பா காலமானார். சிறுவர் இலக்கியத்துக்கென்றே சாகித்ய அகாடமி 'பால சாகித்ய புரஸ்கார்' விருதைத் தொடங்கியது 2010-ல்தான். அதாவது அவர் மறைந்து 21 ஆண்டுகள் கழித்து. 2019-ல் தமிழுக்கான அந்த விருதைப் பெற்றவர் தேவி நாச்சியப்பன். வள்ளியப்பாவின் மகள்!

இன்றைக்கு யூடியூபில் கார்ட்டூன் போட்டு ரைம்ஸ் ஓடுகிறது. 80 வருஷத்துக்கு முன்பு படமும் இல்லை, அனிமேஷனும் இல்லை. 8 லட்டும் ஒரு தட்டும் போதுமானதாக இருந்தது. வீட்டில் குட்டீஸ் இருந்தால் இன்றைக்கு ஒருமுறை பாடிக் காட்டுங்க. மீதி எத்தனை லட்டு என்று அவங்களே சொல்வாங்க.