துப்பாக்கிக் குழலை அளந்த விட்வொர்த்

ஒர்க் ஷாப்பில் பி.எஸ்.டபிள்யூ. டேப் பிடிக்காத மெக்கானிக்கல் மாணவன் உண்டா? அதில் வரும் ‘டபிள்யூ’ ஒரு மனிதரின் பெயர். திரெட்டோடு அவர் கதை முடிந்துவிடவில்லை. துப்பாக்கிக் குழலுக்குள்ளும் எட்டிப் பார்த்த ஆள் அவர். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். 14 வயதில் உறவினரின் பஞ்சாலையில் சேர்த்தார்கள். நிர்வாகம் பழகச் சொன்னால் இவருக்கு மெஷின் மேலேதான் கண். ஒருநாள் கிளம்பி மான்செஸ்டருக்கு ஓடி மெக்கானிக் ஆகிவிட்டார். பிறகு லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே பட்டறை. 1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை. 1841-இல் 55 டிகிரி திரெட். மூன்று பிளேட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டி சர்ஃபேஸ் பிளேட் செய்யும் முறையை நாடறியச் செய்தவரும் இவரே.

1854-இல் அரசாங்கம் இவரைக் கூப்பிட்டு, ராணுவத் துப்பாக்கி செய்ய மெஷின் வேண்டும் என்றது. வேறு யாராவதாக இருந்தால் ஆர்டரை வாங்கிக்கொண்டு போயிருப்பார். எந்தக் குழல் நல்ல குழல் என்றே தெரியாமல் மெஷின் எதற்கு என்பது இவர் வாதம். தன் வீட்டு நிலத்திலேயே 500 கஜ நீளத்துக்குக் கூண்டு கட்டி, இடையிடையே மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டு, குண்டு போகும் பாதையைக் குறித்தார். அந்தக் கூண்டைப் புயல் தள்ளிவிட்டது. மறுபடி கட்டினார்!

என்ஃபீல்டு துப்பாக்கியின் உள்துளை 0.577 அங்குலம். உள்ளே இருக்கும் சுழல் பள்ளம் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் துளையை 0.451 அங்குலமாகக் குறைத்து, அறுகோணமாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று கொடுத்தார். 1857-இல் போட்டி வைத்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2 அடிக்கு மேல். இவருடையது அரை அடிகூட இல்லை. 1860-இல் விக்டோரியா ராணியே இந்தத் துப்பாக்கியால் 400 கஜத்தில் இலக்கின் நடுவுக்கு ஒன்றேகால் அங்குலம் பக்கத்தில் சுட்டார். (ஸ்டாண்டில் இறுக்கிக் குறி வைத்தது விட்வொர்த். ராணியம்மா இழுத்தது கயிறு மட்டும்தான்!)

ஆனாலும் ராணுவம் வாங்கவில்லை. விலை ஜாஸ்தி என்பது ஒன்று. இன்னொன்று, அழுக்கு. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத் தங்கிவிடும். பெரிய துளை தாங்கும். சின்னத் துளையில் அடுத்த குண்டை வாய்வழியாக இறக்குவதே பாடு.

என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டு, புல்த்ரூவில் துணி கோர்த்து இழுத்தவர்களுக்கு இது புரியும். பழைய .22 ரிம்ஃபயர் தோட்டாக்களின் விளிம்பில் இருந்த பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. சுட்ட பிறகு மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். வெளியே பளபளன்னு இருக்கும். உள்துளை அம்மைத் தழும்பு மாதிரி கிடக்கும். அப்புறம் எவ்வளவு நல்ல குறிகாரனாக இருந்தும் என்ன செய்ய? எத்தனையோ குழல்கள் சுட்டுத் தேய்ந்ததைவிடத் துடைக்காமல் கெட்டதுதான் அதிகம்.

விட்வொர்த் துப்பாக்கியை அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையினர் தூரத்திலிருந்து ஆளைக் குறிவைக்கப் பயன்படுத்தினார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் துளை எவ்வளவு தெரியுமா? 0.45 அங்குலம்! முதலில் வேண்டாம் என்று தள்ளிய அளவுதான்.

1887 ஜனவரி 22-இல் மான்டி கார்லோவில் விட்வொர்த் காலமானார். குழந்தைகள் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்பதால் எனக்குத் துப்பாக்கியைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் 1868-இல் செய்த காரியம். ஆண்டுக்கு 100 பவுண்ட் வீதம் 30 பேருக்கு உதவித்தொகை. புத்தகப் படிப்போடு கைவேலையிலும் பரீட்சை உண்டு. பட்டறையில் அப்பிரண்டிஸாக இருந்துவிட்டு எஞ்சினீயரிங் படிக்கப் போகிறவர்களுக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் அவர் பெயரில் அது கொடுக்கப்படுகிறது.