நீல்ஸ் போர்

நீல்ஸ் ஹென்றிக் டேவிட் போர் (அக்டோபர் 7, 1885 – நவம்பர் 18, 1962) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். அணுவின் அமைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1922 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். குவாண்டம் இயங்கியலில் அளவீடு என்பது எதனைக் குறிக்கிறது என்னும் கேள்விக்கு இவர் அளித்த விடை, கோப்பன்ஹேகன் விளக்கம் என அறியப்படும் கருத்துகளுக்கு அடிப்படையாக அமைந்தது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியதில் இவரது 1960 ஆம் ஆண்டு வருகைக்கும் பங்குண்டு.

இளமையும் அணு மாதிரியும்

போர் கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் போர் உடலியங்கியல் பேராசிரியர். தம்பி ஹரால்டு போர் கணிதவியலாளர். 1908 ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க் கால்பந்து அணியிலும் ஆடியவர்.

1911 ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்ற போர், இங்கிலாந்து சென்று முதலில் ஜே. ஜே. தாம்சனிடமும் பின்னர் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டிடமும் பணியாற்றினார். அணுக்கருவைச் சுற்றும் எதிர்மின்னி (எலக்ட்ரான்), பழைய இயற்பியலின்படி ஆற்றலை இழந்து கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். எதிர்மின்னிகள் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்கும் என்றும், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது மட்டுமே ஒளியை உமிழும் அல்லது உட்கவரும் என்றும் போர் 1913 இல் முன்மொழிந்தார். ஐதரசனின் நிறமாலைக் கோடுகளை இம்மாதிரி சரியாக விளக்கியது. 1921 இல் கோப்பன்ஹேகனில் இவர் தொடங்கிய ஆய்வு நிலையத்துக்கு ஹெய்சன்பர்க், பவுலி, டிராக் முதலிய இளம் அறிஞர்கள் வந்து பணியாற்றினர்.

அளவீடு பற்றிய கருத்து

1927 இல் ஹெய்சன்பர்க் நிச்சயமின்மைக் கொள்கையை வெளியிட்டார். ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் எல்லையற்ற துல்லியத்துடன் அறிய இயலாது என்பது இதன் சாரம். துகளைக் காண அதன் மீது ஒளியைச் செலுத்த வேண்டும். அவ்வொளி துகளை இடித்து அதன் உந்தத்தை மாற்றிவிடுகிறது என்று ஹெய்சன்பர்க் விளக்கினார். இவ்விளக்கம் போதாது என்று போர் கருதினார். இடிப்பு எவ்வளவு என்று தெரிந்தால் அதனைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ஆனால் சிதறிய ஒளி நுண்ணோக்கியின் வில்லைக்குள் எத்திசையில் நுழைந்தது என்பதை அறிய முடியாததால், அந்தக் கழித்தல் இயலாமற் போகிறது.

இதிலிருந்து போர் ஆழமான முடிவுக்கு வந்தார். அளக்கும் கருவியையும் அளக்கப்படும் பொருளையும் தனித்தனியே பிரித்துப் பேச முடியாது. ஒரு பண்பு பொருளுடையதாவது அதனை அளப்பதற்கான ஏற்பாட்டைக் குறிப்பிட்ட பிறகே. எடுத்துக்காட்டாக, இரு பிளவுகளின் வழியே எதிர்மின்னிகளைச் செலுத்தினால் திரையில் அலைகளுக்குரிய குறுக்கீட்டுப் பட்டைகள் தோன்றும். ஒவ்வொரு துகளும் எப்பிளவு வழியே சென்றது என்று கண்டறியும் கருவியைப் பொருத்தினால் பட்டைகள் மறையும். அலைத்தன்மையும் துகள்தன்மையும் ஒரே சோதனையில் முழுமையாக வெளிப்படா; எனினும் பொருளை முழுமையாக அறிய இரண்டும் தேவை. நிரப்புமை என்னும் இக்கருத்தைப் போர் 1927 செப்டம்பரில் இத்தாலியின் கோமோ நகரில் எடுத்துரைத்தார்.

ஐன்ஸ்டைனுடன் விவாதம்

அளந்தாலும் அளக்காவிட்டாலும் பொருளுக்கு உறுதியான பண்புகள் இருக்க வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் நிலைப்பாடு. 1930 ஆம் ஆண்டு சால்வே மாநாட்டில் அவர் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். ஒளி நிறைந்த பெட்டியிலிருந்து கடிகாரம் குறித்த நேரத்தில் ஓர் ஒளியணு வெளியேறுகிறது. பெட்டியை முன்னும் பின்னும் எடைபோட்டால் அதன் ஆற்றலும் தெரிந்துவிடும். இது நிச்சயமின்மைக் கொள்கையை மீறுவதாகத் தோன்றியது. எடையிடும்போது பெட்டி ஈர்ப்புப் புலத்தில் நகர்வதால் கடிகாரத்தின் வேகம் மாறும் என்று, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டையே கொண்டு போர் விடையளித்தார்.

1935 இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் பிணைந்த இரு துகள்களை எடுத்துக்கொண்டனர். ஒன்றை அளந்து, தொலைவில் உள்ள மற்றதைத் தொடாமலேயே அதன் பண்பை அறியலாம் எனில், அப்பண்பு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டனர். இரு துகள்களும் சோதனை ஏற்பாடும் சேர்ந்து பிரிக்க இயலாத ஒரே முழுமை என்பது போரின் மறுமொழி. எனினும் கருவியின் எல்லை எங்கே முடிகிறது, குவாண்டம் பொருள் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அவர் தெளிவான கோடு வரையவில்லை என்ற குறை பின்னர் தொடர்ந்து எழுப்பப்பட்டது.

போர்க்காலமும் சென்னை வருகையும்

தாய்வழியில் யூதரான போர், நாசிகளின் கைதுக்குத் தப்பி 1943 இல் சுவீடனுக்கும் அங்கிருந்து பிரித்தானியாவுக்கும் சென்றார். அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்திலும் ஆலோசகராக இருந்தார். நாடுகள் அணு அறிவை ஒளிவின்றிப் பகிர வேண்டும் என வலியுறுத்தி 1950 இல் ஐக்கிய நாடுகள் அவைக்குத் திறந்த மடல் எழுதினார்.

1960 சனவரியில் இந்தியா வந்தபோது, சென்னை மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்தில் மாணவர்களுக்காக நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைக் கண்டு பாராட்டினார். இப்பாராட்டு பிரதமர் நேருவின் கவனத்தை ஈர்த்தது. அன்றைய மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவுடன் 1962 சனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் இதன் இயக்குநரான ஈ. சி. ஜி. சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவுடன் இணைந்து 1977 இல், இடைவிடாது அளந்துகொண்டிருந்தால் குவாண்டம் அமைப்பின் மாற்றமே தடைப்படும் என்று காட்டினார். இது குவாண்டம் ஜீனோ விளைவு எனப்படுகிறது.

மறைவும் அதன் பின்னரும்

போர் 1962 நவம்பர் 18 அன்று கோப்பன்ஹேகனில் காலமானார். அவர் தம் கரும்பலகையில் கடைசியாக வரைந்திருந்த படங்களுள் ஐன்ஸ்டைனின் ஒளிப்பெட்டியும் இருந்தது. ஐன்ஸ்டைன் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின்னும் அவ்வாதம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1964 இல் ஜான் பெல் இவ்விவாதத்தைச் சோதனையால் தீர்க்கத்தக்க சமனிலியாக மாற்றினார். கிளாசர், அஸ்பே, சைலிங்கர் ஆகியோர் செய்த சோதனைகள், தொலைவிலுள்ள அளவீட்டால் மாறாத உறுதியான பண்புகளைத் துகள்கள் முன்பே கொண்டிருந்தன என்னும் எளிய எண்ணம் பொருந்தாது எனக் காட்டின. இவர்கள் மூவரும் 2022 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் இம்முடிவுகள் போரின் விளக்கம் ஒன்றே சரி என நிறுவவில்லை. அளவீட்டின்போது உண்மையில் நிகழ்வது என்ன என்பது இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது.