துலாக்கோலும் யாழும்: விபுலானந்த அடிகளார்

ஆனி மாதம் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் தென்காசி மக்களின் கால்கள் தாமாகவே குற்றாலத்தை நோக்கும். பேரருவியில் தலைகொடுத்து நிற்போர் அந்நீரை இன்பமெனக் காண்பர். ஐந்தருவியில் ஆடுவோர் அதனை மருந்தெனப் போற்றுவர். வேதியியல் அறிந்தவர் காணும் காட்சி வேறு. கலந்துள்ள மண்ணையும் உப்பையும் நீக்கித் தூய்மை செய்து பகுத்தால், ஒன்பது கிராம் நீரில் ஒரு கிராம் ஹைட்ரஜனும் எட்டு கிராம் ஆக்சிஜனும் இருக்கக் காண்பர். குற்றாலத்து நீருக்கும் இதுவே கணக்கு. கடல் கடந்து கிழக்கிலங்கையின் காரைதீவில் ஒரு கிணற்றில் இறைத்த நீருக்கும் இதுவே கணக்கு.

அந்தக் காரைதீவில் பிறந்து, வேதியியல் கற்பித்த ஆசிரியராய்ப் பணி செய்து, முத்தமிழ் வித்தகராய் நிறைவெய்தியவர் விபுலானந்த அடிகளார். அவரைத் துறவியாகவும் யாழ் நூல் ஆசிரியராகவும் தமிழுலகம் அறியும். அவருக்குள் இருந்த அறிவியல் ஆசிரியரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அக்குறையை ஓரளவேனும் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் திகைத்த பாடம்

தென்காசியில் நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், வேதிக் கணக்கீடு என்றாலே வகுப்பில் அச்சம் பரவும். சமன்பாட்டை மனப்பாடம் செய்தோம். விடையையும் மனப்பாடம் செய்தோம். எண்ணை மாற்றிக் கேட்டால் விழித்தோம். ஒருநாள் நம் ஆசிரியர் பாடநூலை மூடி வைத்துவிட்டுச் சுண்ணாம்புக் காளவாயைப் பற்றிப் பேசலானார். நூறு கிலோ தூய சுண்ணாம்புக் கல்லை முற்றச் சுட்டால் கிடைப்பது ஐம்பத்தாறு கிலோ சுட்ட சுண்ணாம்பு. எஞ்சிய நாற்பத்து நான்கு கிலோ எங்கே போயிற்று என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. அது அழியவில்லை, கரியமில வாயுவாய்க் காற்றில் கலந்தது, கண்ணுக்குத் தெரியாததற்கும் கணக்கு உண்டு என்று அவர் விளக்கியபோது, அப்பாடத்தின் கதவு நமக்குத் திறந்தது. இருநூற்றைம்பது கிலோ கல்லுக்கு நூற்று நாற்பது கிலோ சுண்ணாம்பு என்று அன்று நாமே கணக்கிட்டுச் சொன்னோம்.

மற்றோர் ஐயத்தை அவர் வெற்றிலையைக் கொண்டு தீர்த்தார். இரண்டு வெற்றிலைக்கு ஒரு பாக்கு என்பது தாம்பூலக் கணக்கானால், இருபது வெற்றிலையும் ஆறு பாக்கும் உள்ள வீட்டில் ஆறு தாம்பூலமே மடிக்கலாம். எட்டு வெற்றிலை மிஞ்சிவிடும். வெற்றிலை எவ்வளவு குவிந்திருந்தாலும் விளைவைக் கட்டுப்படுத்துவது பாக்கே. வேதியியலார் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பது இதைத்தான்.

பொருள்கள் மனம் போனபடி கூடுவதில்லை, அளவறிந்தே கூடுகின்றன என்பதே இப்பாடத்தின் சாரம். பிரான்சு நாட்டு லவாய்சியர் பதினெட்டாம் நூற்றாண்டில் தராசைத் துணையாகக் கொண்டு, வினைக்கு முன்னும் பின்னும் நிறை மாறாமை கண்டார். செருமானியரான ரிக்டர் 1792ஆம் ஆண்டில், தனிமம், அளவு எனும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி எனப் பெயரிட்டார். அவ்வறிவு தென்காசியில் ஒரு வகுப்பறையின் கடைசிப் பலகை வரை வந்து சேர இடையில் எத்தனை கைகள் உழைத்தன! அவற்றுள் ஒரு கை அடிகளாருடையது.

இரு தேர்வுகள், ஓர் ஆண்டு

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாய் வாழும் கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் தேர்வில் வெற்றி பெற்றார். ஆசிரியப் பணியும் கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் அடுத்தடுத்து அமைந்தன.

1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் தனிச்சிறப்புடையது. அவ்வாண்டில் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். இருபத்து நான்கு வயது இளைஞர் ஒரு கையில் சோதனைக் குழாயையும் மறு கையில் தொல்காப்பியத்தையும் ஏந்தி நின்ற காட்சியை நம் மாணவர்கள் மனக்கண்ணில் காண வேண்டும். ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று அவர் கருதவில்லை.

தாம் பயின்ற தொழில்நுட்பக் கல்லூரியிலேயே வேதியியல் உதவியாசிரியரானார். பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராய் விளங்கினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளையர் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கிறித்தவர் நடத்திய பள்ளிகளில் கற்றும் கற்பித்தும் வளர்ந்த இவர், 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருட்டின மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார்.

துறவு அவரைப் பள்ளியிலிருந்து பிரிக்கவில்லை. இலங்கைக்கு மீண்டு மடத்தின் பள்ளிகளை வளர்த்தார். 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அவருக்கு வழங்கியது. வேதியியல் கற்பித்தவர் தமிழ்த்துறையின் தலைமை நாற்காலியில் அமர்ந்தது தமிழ்த்துறைக்குப் பெருமையே அன்றிக் குறைவன்று.

நெல்லைச் சங்கமும் கலைச்சொல்லும்

உயர்நிலைப் பள்ளிகளில் எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே நடத்த வேண்டும் என்னும் குரல் 1930களில் வலுப்பெற்றது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்தியவரே. ஆனால் விருப்பம் மட்டும் பாடம் நடத்தாது. வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குச் சொல் வேண்டும். ஒரே வாயுவை ஒருவர் ஆக்சிஜன் என்றும், மற்றொருவர் பிராணவாயு என்றும், வேறொருவர் உயிர்வளி என்றும் சொன்னால் மாணவன் மூன்று வாயுக்கள் என்று மயங்குவான். வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கிலச் சொல்லா என்ற பூசலும் அந்நாளில் சிறிதன்று.

இந்நிலையில் முன்வந்தது நம் நெல்லைச் சீமையில் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம். தென்காசி அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதி. 2019இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அது நம் சொந்தச் சங்கம் எனலாம். அச்சங்கத்தின் முயற்சியால் 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகளார். அறிஞர்கள் துறைதோறும் கூடி ஆய்ந்த சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. வேதியியலும் அத்துறைகளுள் ஒன்று.

இத்தலைமைக்கு அவரினும் தக்கார் யார்? தமிழ் மட்டும் அறிந்தவர் சொல்லின் அழகைப் பார்ப்பார். அறிவியல் மட்டும் அறிந்தவர் பொருளின் திட்பத்தைப் பார்ப்பார். சொல்லையும் பொருளையும் துலாக்கோலின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்க, இரண்டும் அறிந்தவர் வேண்டும். அன்று ஆக்கிய சொற்களுள் பல பின்னர் மாறின, சில வழக்கொழிந்தன. ஆயினும் தமிழில் வேதியியல் கற்பிக்க முடியும் என்ற துணிவு நிலைத்தது. நம் ஆசிரியர் காளவாய்க் கணக்கைத் தடையின்றித் தமிழில் சொல்லியதற்குப் பின்னே அத்துணிவு நின்றது.

யாழில் ஒலித்த விகிதம்

அடிகளாரின் பெரும்பணி யாழ் நூல். வழக்கொழிந்த பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் இசைமுறையையும் சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு அவர் ஆராய்ந்தார். பதினான்கு ஆண்டுகள் நீண்ட உழைப்பு அது. அந்நூலைப் புரட்டும் தமிழ் மாணவர் பலர் இடையிடையே வரும் எண்களையும் பின்னங்களையும் கண்டு மலைப்பர். வேதியியல் மாணவர் மலைக்க மாட்டார்.

ஒரு நரம்பைச் சரிபாதியாக்கி மீட்டினால் அடுத்த மண்டிலத்துக் குரல் ஒலிக்கும்; மூன்றில் இரண்டு பங்காக்கி மீட்டினால் இளி ஒலிக்கும். நரம்பு முழம் நீண்டாலும் சாண் குறைந்தாலும் இவ்விகிதம் மாறாது. காளவாய் பெரிதானாலும் சிறிதானாலும் நூற்றுக்கு ஐம்பத்தாறு என்பது மாறாதது போலவே இது. வகுப்பறையில் விகிதத்தைப் பழகிய அறிவுதான் ஏட்டுச்சுவடியிலும் விகிதத்தைத் தேடிற்று என்று நாம் கருதுகிறோம். பழம்பெருமை பேசுவதோடு அமையாமல், அளந்து காட்டிய பெருமை யாழ் நூலுக்கு உண்டு.

1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அடிகளார், உடல் நலிவுற்ற நிலையிலும் நூலை முடித்தார். 1947 சூன் 5ஆம் நாள் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. ஆறு வாரங்கள் கழிந்து, சூலை 19இல் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தைந்து. தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

நமக்கு உரிய பாடம்

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு வேதியியல் நூலின் முதற்பாடத்திலேயே இன்று வேதிக் கணக்கீடுகள் வந்துவிடுகின்றன. தென்காசி, குற்றாலப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் அப்பாடத்தில் தடுக்கி விழுந்து, அறிவியல் நமக்கு எட்டாதது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். கல்லூரிக்கு வந்தபின் பாடம் ஆங்கிலத்துக்கு மாறும்போது அத்தடுமாற்றம் இரட்டிக்கிறது. அவர்களுள் சிலர் கணக்குக்கு அஞ்சியே தமிழ்த்துறையை நாடி வருவதையும் நாம் காண்கிறோம். அஞ்சி வருபவர்க்கும் தமிழ் இடம் தரும். ஆனால் அச்சத்தைப் போக்கி அனுப்புவதும் தமிழ்த்துறையின் கடனே.

மாணவச் செல்வங்களே! தமிழ் கற்போர் எண்ணைக் கண்டு ஒதுங்க வேண்டா. வேதியியல் கற்போர் தமிழை மதிப்பெண்ணுக்குரிய ஒரு தாளாக மட்டும் எண்ண வேண்டா. ஆசிரியப் பெருமக்கள் புரியாத சமன்பாட்டைப் புரிந்த வெற்றிலையால் விளக்கத் தயங்க வேண்டா. ஊர்ப் பெரியோர்களே, பாடம் புரியவில்லை என்று வரும் பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்துமுன், அவனுக்குப் புரியும் சொல்லில் ஒருமுறையேனும் அதனைச் சொல்லித்தர ஆள் தேடுங்கள். காரைதீவுச் சிறுவனுக்கு வாய்த்த கல்வி நம் பிள்ளைகளுக்கும் வாய்க்கட்டும்.