கரைகளை இணைத்த காய்கள்

1942ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். டென்மார்க், ஜெர்மானியப் படையின் பிடியில் சிக்கி இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. அன்றைய ‘பொலிட்டிகன்’ நாளிதழில் புதியதொரு விளையாட்டு அறிமுகமாயிற்று. ‘பாலிகன்’ எனப் பெயர்பெற்ற அதனை வகுத்தவர் பீட் ஹைன்.

இவர் 1905 டிசம்பர் 16 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். தாய் எஸ்ட்ரிட் ஹைன் கண் மருத்துவர். ஸ்டாக்ஹோமில் ஓவியமும் கோபன்ஹேகனில் இயற்பியலும் பயின்ற இவருக்கு அறிவியல் மேதை நீல்ஸ் போரின் நட்பும் வாய்த்தது. ஹைசன்பர்க்கின் குவாண்டம் இயற்பியல் சொற்பொழிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே ‘சோமா’ என்னும் கனசதுரப் புதிர் இவர் மனத்தில் உருவானது. கனசதுரங்களாகப் பகுக்கப்பட்ட வெளியைப் பற்றியே பேச்சு நிகழ்ந்ததால், கவனம் சிதறிய மாணவர் என்று இவரைக் குறைகூற இயலாது.

1940 ஏப்ரல் 9 அன்று டென்மார்க் அடிமைப்பட்டது. அதன்பின் விரைவிலேயே, ‘கும்பெல்’ என்னும் புனைபெயரில் ஹைன் நாளிதழில் சிறுகவிதைகள் எழுதத் தொடங்கினார். கையுறை ஒன்றைத் தொலைத்தவனைப் பற்றிய முதற்கவிதை, தணிக்கையாளர் கண்ணுக்கு வெறும் வேடிக்கையாகத் தோன்றியது. டேனிய மக்களோ, விடுதலையை இழந்த வேளையில் தன்மானத்தையும் இழக்கலாகாது என்னும் அறிவுறுத்தலை அதில் கண்டனர். பிற்காலத்தில் இத்தகைய கவிதைகள் ஏழாயிரத்தைக் கடந்தன.

நிலப்படத்தில் அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாதிருக்க நான்கு நிறங்கள் போதுமா என்னும் கணிதச் சிக்கலை ஆராய்ந்தபோதுதான் பாலிகன் விளையாட்டு பிறந்தது. சாய்சதுர வடிவப் பலகையில் வரிசைக்கு 11 வீதம் 121 அறுகோணக் கட்டங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு ஒருவருக்கும் மற்ற இரண்டு அடுத்தவருக்கும் உரியவை. இருவரும் முறைவைத்து ஒவ்வொரு காயாக இடவேண்டும். வைத்த காயை நகர்த்துதலும் இல்லை, வெட்டுதலும் இல்லை. தம் இரு கரைகளையும் இடையறாத காய்த்தொடரால் முதலில் இணைப்பவரே வென்றவர்.

விதிகள் எளியவை எனினும் இவ்விளையாட்டு சமநிலையில் முடியவே முடியாது. சதுரக் கட்டங்களாயின் ஒரு புள்ளியில் நான்கு கட்டங்கள் கூடும். அங்கே இருவர் வழியும் ஒருசேர அடைபடலாம். அறுகோணங்களிலோ மூன்று கட்டங்களே கூடுகின்றன. ஆதலால் எதிரியின் வழியை முற்றிலும் அடைக்க வேண்டுமாயின் தன் வழியை முழுமையாக்கியே தீரவேண்டும். தடுப்பதும் இணைப்பதும் ஒரே செயலாகிவிடும் இந்நுட்பமே பாலிகனின் உயிர்நாடி. பலகை இல்லாதவரும் எழுதுகோலால் குறியிட்டு ஆட ஏதுவாகக் கட்டங்கள் அச்சிட்ட தாள்கள் விற்பனைக்கு வந்தன.

1948இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், ஹைனின் ஆக்கத்தை அறியாமலேயே இளங்கணிதர் ஜான் நாஷ் இதே விளையாட்டைக் கண்டறிந்தார். ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு உறுதியான வெற்றிவழி ஒன்று உண்டென அவர் நிறுவினார். அவ்வழி யாதென அச்சான்று காட்டவில்லை. 1952இல் ‘ஹெக்ஸ்’ என்னும் பெயரில் இவ்விளையாட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1957இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய கட்டுரை அதனை உலகறியச் செய்தது.

ஸ்டாக்ஹோமின் செர்கல் சதுக்கத்திற்கு நீள்வட்டத்திற்கும் செவ்வகத்திற்கும் இடைப்பட்ட வடிவத்தை அளித்த ஹைன், 1996 ஏப்ரல் 17 அன்று டென்மார்க்கின் ஃபின் தீவில் காலமானார். அவர் வகுத்த 121 கட்டப் பலகைக்குரிய முழுமையான வெற்றிவழியைக் கணினிகளும் இதுவரை கண்டறியவில்லை.